அமெரிக்காவில் உபரி ராணுவ லாரிகள்: ஏலம், பதிவு, டிரெய்லர்

அமெரிக்க ராணுவம் தேவையில்லை என்று கழித்துவிட்ட லாரிகளைப் பொதுமக்கள் விலைக்கு வாங்கி ஓட்டுவது அந்நாட்டில் நெடுநாள் வழக்கம். உழவர்கள், மரம் வெட்டும் தொழில் செய்வோர், சாலை ஒப்பந்ததாரர்கள், கிராமத் தீயணைப்புப் படைகள், பழைய வாகனங்களைச் சேகரிப்போர் எனப் பலதரப்பட்டவர்கள் இவற்றை வாங்கி வந்துள்ளனர். பணம் கட்டி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவருவதில் பெரிய சிரமம் இல்லை. அதற்குப் பொதுச் சாலையில் ஓடும் உரிமை பெறுவதும், அதன் பின்னால் ஒரு டிரெய்லரைப் பூட்டிச் சுமை இழுப்பதும்தான் சிக்கல். குடிமக்களின் வாகனங்களுக்கு விதிக்கப்பட்ட சட்டத்துக்கு வெளியே செய்யப்பட்ட வண்டி, பின்னாளில் அதே சட்டத்தின் முன் வந்து நிற்கிறது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்பதை அமெரிக்காவின் 50 மாநிலங்களும் தனித்தனியே தீர்மானித்து வருகின்றன.

முதல் உலகப் போருக்குப் பின்

1918 நவம்பரில் போர் நின்றபோது அமெரிக்க ராணுவத்திடம் லிபர்ட்டி, எஃப்.டபிள்யூ.டி., நாஷ் குவாட் ஆகிய லாரிகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. பிரான்சில் கிடந்த உபரிப் பொருள்களை மொத்தமாக 40 கோடி டாலருக்கு பிரெஞ்சு அரசிடமே அமெரிக்கா விற்றுவிட்டது. உள்நாட்டில் இருந்த லாரிகளுக்கு நாடாளுமன்றம் 1919இல் வேறு வழி கண்டது. அவற்றை வேளாண் துறையின் மூலம் மாநில நெடுஞ்சாலைத் துறைகளுக்குப் பகிர்ந்தளிக்கச் சட்டம் இயற்றியது. குண்டு சுமந்த வண்டிகள் சரளையும் தாரும் சுமக்கத் தொடங்கின.

அந்தச் சாலைகள் எவ்வளவு மோசமாக இருந்தன என்பதை ராணுவமே நேரில் கண்டது. 1919 ஜூலை 7 அன்று வாஷிங்டனிலிருந்து புறப்பட்ட ராணுவ மோட்டார் அணி சான் பிரான்சிஸ்கோ சென்று சேர 62 நாட்கள் ஆயின. சராசரி வேகம் மணிக்கு 6 மைல் அளவில்தான் இருந்தது. பல மரப்பாலங்கள் லாரிகளின் எடையைத் தாங்கவில்லை. அந்தப் பயணத்தில் கலந்துகொண்ட இளம் அதிகாரி டுவைட் ஐசனோவர். 1956இல் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்குக் கையொப்பமிட்ட குடியரசுத் தலைவரும் அவரே. இன்று உபரி லாரி வைத்திருப்பவர்கள் ஏறத் தயங்கும் சாலைகள் அந்தத் திட்டத்தில் உருவானவைதாம்.

இரண்டாம் உலகப் போரின் மிச்சம்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ லாரிகளைச் செய்தன. அவற்றுள் புகழ்பெற்றது ஜி.எம்.சி. நிறுவனத்தின் சி.சி.கே.டபிள்யூ. என்ற ஆறு சக்கர இயக்க லாரி. 1941 முதல் 1945 வரை இது 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. கரடுமுரடான தரையில் இரண்டரை டன் சுமக்கும் என்பதால் வீரர்கள் இதை ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்றனர். சீட்டாட்டத்தில் இரண்டு என்ற எண்ணைக் குறிக்கும் சொல் ‘டியூஸ்’. 1944 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பிரான்சில் நடந்த ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ சரக்குப் போக்குவரத்தின் முதுகெலும்பு இந்த லாரிதான். அதன் ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். லாரியின் பின்னால் பூட்டப்பட்ட ஒரு டன் டிரெய்லரைப் பல நிறுவனங்கள் செய்தபோதும், அவற்றுள் ஒன்றான பென்-ஹர் நிறுவனத்தின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

போர் முடியும் முன்னரே, 1944 அக்டோபரில், உபரிச் சொத்துச் சட்டம் நிறைவேறியது. விற்பனையில் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடும் அதில் இருந்தது. பின்னர் 1946இல் போர்ச் சொத்து நிர்வாகம் என்ற அமைப்பு இப்பொறுப்பை ஏற்றது. புது லாரிக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம் அது. ஊர் திரும்பிய வீரர் ஒருவர் தாம் போரில் ஓட்டிய அதே வகை லாரியை வாங்கி, பச்சை வண்ணத்தின் மேல் வேறு வண்ணம் அடித்து, பால் கேன்களோ மரக்கட்டைகளோ ஏற்றிப் பிழைப்பு நடத்த முடிந்தது. எண்ணெய்க் கிணற்றுத் தளவாடங்களை ஏற்றிச் செல்லவும், பழுதான வண்டிகளைக் கட்டி இழுக்கும் கிரேன் லாரிகளாக மாற்றவும் இவை மிகவும் பயன்பட்டன.

இந்தக் காலத்தில்தான் ‘50 டாலருக்குப் பெட்டியில் அடைத்த புது ஜீப்’ என்ற கதையும் பிறந்தது. பல பத்தாண்டுகள் அமெரிக்க இதழ்களின் கடைசிப் பக்கங்களில் இந்த விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. பணம் அனுப்பியவர்களுக்குக் கிடைத்தது ஜீப் அல்ல, அரசு ஏலங்களில் எப்படிக் கலந்துகொள்வது என்று விளக்கும் சிறு கையேடு. கடல்கடந்த நாடுகளில் இருந்த வண்டிகள் பெரும்பாலும் தாய்நாடு திரும்பவில்லை. பிலிப்பைன்சில் விடப்பட்ட ஜீப்புகள் ஜீப்னி என்ற ஊர்திகளாக மாறின. இன்றைய வனுவாட்டு நாட்டின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில் லாரிகளையும் புல்டோசர்களையும் ராணுவம் கடலுக்குள்ளேயே தள்ளிவிட்டது. அந்த இடத்துக்கு ‘மில்லியன் டாலர் முனை’ என்று பெயர்.

அன்றைக்குப் பதிவு ஒரு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. வாகனப் பாதுகாப்புக்கென்று தேசிய விதிகளே அப்போது இல்லை. விற்பனைச் சீட்டைக் காட்டி எண் பலகை பெற்றுவிடலாம்.

எம்35: நாற்பது ஆண்டு லாரி

சி.சி.கே.டபிள்யூ.வின் இடத்தை 1950களில் எம்35 வகை பிடித்தது. மிச்சிகனைச் சேர்ந்த ரியோ நிறுவனம் வடிவமைத்த இந்த லாரியைப் பின்னர் கைசர் ஜீப், ஏ.எம். ஜெனரல் ஆகிய நிறுவனங்களும் செய்தன. சேகரிப்போரின் முற்றங்களில் இன்று அதிகம் காணப்படுவது இதன் எம்35ஏ2 வடிவம். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் ஆகியவற்றிலும், அவசரத்துக்குப் பெட்ரோலிலும்கூட ஓடும் பல்லெரிபொருள் எந்திரம் இதன் சிறப்பு. தனியார் உடைமையாளர்கள் பலர் வடிகட்டிய பழைய எந்திர எண்ணெயைக் கலந்து ஓட்டுவது இதனால்தான்.

வெற்று வண்டியின் எடை சுமார் 13,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 5,900 கிலோ. காட்டுப் பாதையில் 5,000 பவுண்டும் நல்ல சாலையில் 10,000 பவுண்டும் ஏற்றலாம். இழுவைக்கும் இப்படி இரண்டு கணக்கு உண்டு: காட்டில் 6,000 பவுண்டு, நெடுஞ்சாலையில் 10,000 பவுண்டு. ஓட்டுநர் முன்னால் உள்ள உலோகத் தகட்டில் எடைகளும் ஒவ்வொரு கியருக்கும் உரிய உச்ச வேகங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். உச்ச வேகம் மணிக்கு 55 மைலுக்குச் சற்று மேல். 70 மைலில் கார்கள் பறக்கும் சாலையில் இது ஓரமாக ஊர்ந்து போகும் வண்டிதான்.

சட்டத்துக்கு வெளியே செய்யப்பட்ட வண்டி

1966இல் அமெரிக்க நாடாளுமன்றம் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. விளக்குகள், பிரேக், கண்ணாடி, இருக்கைப் பட்டை என ஒவ்வொன்றுக்கும் தேசிய அளவில் தரங்கள் வந்தன. தரத்துக்கு உட்பட்டது என்ற சான்று அட்டையை உற்பத்தியாளர் வண்டியில் ஒட்ட வேண்டும். ஆனால் ராணுவ ஒப்பந்தப்படி செய்து நேரடியாகப் படைகளுக்கே விற்கப்படும் வாகனங்களுக்கு இந்தத் தரங்கள் பொருந்தா என்ற விலக்கும் விதிகளில் இடம்பெற்றது. போர்க்களத்தில் எதிரிக்குத் தெரியாமல் இருக்க விளக்கை மங்கச் செய்யும் வண்டிக்கு, ஊர்ச் சாலைக்குரிய விளக்கு விதியை வைப்பது பொருந்தாது என்பது நியாயமே. விற்ற பிறகு அந்த வண்டி என்னவாகும் என்பதற்கு மட்டும் அந்த விலக்கில் பதில் இல்லை.

1981 முதல் அமெரிக்க வாகனங்களுக்கு 17 எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாள எண் கட்டாயமானது. ராணுவ லாரியில் இருப்பது தகட்டில் பொறித்த வரிசை எண்தான். பதிவு அலுவலகத்தின் கணினி 17 இடங்களை எதிர்பார்க்கும்போது, லாரிக்காரர் அதைவிடக் குறுகிய ஓர் எண்ணை நீட்டுகிறார். முதல் தடங்கலே இங்குதான்.

இந்தியாவில் ஆர்.சி. புத்தகம் எப்படியோ அப்படி அமெரிக்காவில் ‘டைட்டில்’ என்ற உடைமைச் சான்றிதழ். ராணுவத்திடம் இருக்கும் வரை லாரிக்கு அது கிடையாது. ஏலத்தில் வாங்குபவருக்கு அரசு எஸ்.எஃப்.-97 என்ற படிவத்தைத் தருகிறது. அது டைட்டில் அல்ல, டைட்டில் கேட்டு விண்ணப்பிக்க உதவும் சான்று. அதை மாநில அலுவலகத்தில் கொடுத்தால்தான் உரிய சான்றிதழ் கிடைக்கும். ஒரு லாரி மூன்று நான்கு கை மாறி, இடையில் யாரோ ஒருவர் படிவத்தைத் தொலைத்துவிட்டால், கடைசியில் வாங்கியவரிடம் இருப்பது பல டன் இரும்பு மட்டுமே. உறுதிப் பத்திரம், காவல் துறையின் ஆய்வு, பிணைத்தொகை எனச் சுற்றுவழிகள் சில மாநிலங்களில் உண்டு.

பழம்பொருள் எண் பலகை இன்னொரு வழி. பல மாநிலங்களில் 25 ஆண்டு கடந்த வண்டிக்கு இது குறைந்த கட்டணத்தில் கிடைக்கும். டெக்சஸ் மாநிலச் சட்டம் முன்னாள் ராணுவ வாகனம் என்ற வகையையே தனியாக வைத்திருக்கிறது. ஆனால் இத்தகைய பலகைகள் பொதுவாகக் கண்காட்சி, அணிவகுப்பு, சங்கக் கூட்டம் ஆகியவற்றுக்குப் போய்வர மட்டுமே. அந்த லாரியில் விறகு ஏற்றினாலோ, மண்வெட்டும் எந்திரத்தை டிரெய்லரில் வைத்து இழுத்தாலோ சலுகை போய்விடும். வேலை செய்வதற்கென்றே பிறந்த வண்டி, வேலை செய்யாமல் இருந்தால் மட்டும் மலிவாக ஓடலாம் என்ற விந்தையான நிலை இது.

ஒரு பவுண்டு வேறுபாடு

1986இல் வந்த வணிக மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் எடையை அளவுகோலாக வைத்தது. அதன் விதிகள் 1992 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. ஒரு வண்டியின் மொத்த எடை வரம்பு 26,001 பவுண்டு (ஏறத்தாழ 11,794 கிலோ) அல்லது அதற்கு மேல் என்றால் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து அந்த அளவை எட்டி, டிரெய்லர் மட்டுமே 10,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் மிக உயர்ந்த ஏ வகுப்பு உரிமம் தேவை.

எம்35 விஷயத்தில் கணக்கு சுவையானது. வெற்று எடையோடு நெடுஞ்சாலைச் சுமையைக் கூட்டினால் சுமார் 23,000 பவுண்டு. வரம்புக்குள் வந்துவிடுகிறது. அதன் பின்னால் 10,000 பவுண்டு டிரெய்லரைப் பூட்டினால் கூட்டு எடை 33,000. வரம்பு தாண்டினாலும், டிரெய்லர் 10,000ஐத் தாண்டாததால் ஏ வகுப்பு தேவையில்லை. டிரெய்லரின் வரம்பு இன்னும் ஒரு பவுண்டு கூடினால் நிலைமை தலைகீழ். ராணுவம் அந்த லாரிக்கு வகுத்த நெடுஞ்சாலை இழுவை அளவும் அதே 10,000 பவுண்டு என்பது தற்செயலான பொருத்தம். ஐந்து டன் வகையான எம்939 வரிசை லாரிகளுக்கு இந்த வசதி இல்லை. அவை வெறுமையாகவே 20,000 பவுண்டைத் தாண்டும், சுமையோடு கூட்டினால் எல்லையை எளிதில் கடந்துவிடும்.

தேசிய விதி வணிகத்தில் ஈடுபடும் வாகனங்களுக்கு உரியது. சொந்தப் பொழுதுபோக்குக்கு ஓட்டுபவர் மாநிலச் சட்டத்தின் கீழ் வருகிறார். டெக்சசில் கனரக வண்டியைச் சொந்தத் தேவைக்கு ஓட்ட வணிகம் சாராத ஏ, பி வகுப்பு உரிமங்கள் உண்டு. கலிபோர்னியாவிலும் வணிகம் சாராத ஏ வகுப்பு உள்ளது. எல்லை தாண்டிப் பக்கத்து மாநிலக் கண்காட்சிக்குப் போகும்போது வழியில் நிறுத்தும் காவலருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியிருக்கும் என்பதால், சட்டப் பிரிவுகளை அச்சிட்டுக் கையில் வைத்திருப்பது பலரின் பழக்கம்.

கொக்கியும் மின்சாரமும்

காரோ பிக்அப் வண்டியோ இழுக்கும் சாதாரண டிரெய்லர் ஓர் உருண்டைக் குமிழ் மேல் கவிழ்ந்து அமரும். ராணுவ லாரியின் பின்புறம் இருப்பது பின்டில் கொக்கி. மேல்தாடை திறந்து மூடும் இரும்பு வாய் அது. டிரெய்லரின் முனையில் உள்ள லூனெட் எனப்படும் தடித்த வளையத்தை அந்த வாய் கவ்விக்கொள்ளும். மேடு பள்ளத்தில் டிரெய்லர் எப்படிச் சாய்ந்தாலும் கொக்கி தன் அச்சில் சுழன்று இடம் கொடுக்கும். டிரெய்லர் கவிழ்ந்தாலும் லாரியையும் சேர்த்துக் கவிழ்க்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையே உள்ள இடைவெளியால் சீரான சாலையில் ஒவ்வொரு முறை வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் ‘டங்’ என்று ஒரு குலுக்கல் வரும். கொக்கியின் உயரமும் குடிமக்கள் டிரெய்லர்களின் உயரத்தைவிடக் கூடுதல். அப்படியே பூட்டினால் டிரெய்லரின் மூக்கு மேல்நோக்கி நின்று எடை பின்னால் சரியும், ஓட்டத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். உயரத்தைச் சரிசெய்யும் இணைப்புத் தகடு இதற்காகத் தேவைப்படுகிறது.

மின்சாரத்திலும் பொருத்தமில்லை. குடிமக்கள் வாகனங்கள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. ராணுவ லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கப்படுகிறது, டிரெய்லருக்கான செருகியும் 12 முனை கொண்டது. சாதாரண டிரெய்லரை நேராகச் செருகினால் பல்புகள் எரிந்துபோகும். சிலர் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட்டை உருவிக்கொள்கிறார்கள். அந்தப் பேட்டரி மட்டும் அதிகம் தீர்ந்து, மற்றது மிகை மின்னேற்றம் பெற்று, சீக்கிரமே இரண்டும் கெடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றியை வைப்பதே முறையானது. எடை கூடிய குடிமக்கள் டிரெய்லர்களின் மின் பிரேக்கும் 12 வோல்ட்டையே கேட்பதால், இது விளக்கோடு முடிகிற விஷயமில்லை.

இந்தத் தொல்லை வேண்டாம் என்று பலர் ராணுவ டிரெய்லரையே வாங்கிவிடுகிறார்கள். முக்கால் டன் எம்101, ஒன்றரை டன் எம்105 ஆகியவை ஏலங்களில் அடிக்கடி வருபவை. எம்105 டிரெய்லரின் பிரேக்குக்கு லாரியிலிருந்தே காற்றுக் குழாய்கள் செல்லும். ஆனால் அதற்கும் தனிப் பதிவு, தனி எண் பலகை வேண்டும். எஸ்.எஃப்.-97 கதை அங்கே மீண்டும் தொடங்குகிறது.

பிரேக் என்ற உண்மையான அச்சம்

பதிவு அலுவலர்களின் தயக்கத்தை வெறும் தாள்பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. எம்35ஏ2 லாரியில் காற்றழுத்தத்தின் உதவியோடு இயங்கும் எண்ணெய் பிரேக் உள்ளது. ஆறு நிலைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணெய்ச் சுற்றுதான். எங்காவது ஒரு குழாய் வெடித்தாலோ ஒரு சக்கரத்தின் முத்திரை கசிந்தாலோ மொத்தப் பிரேக்கும் போய்விடும். 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்கக் கார்களில் முன்னும் பின்னும் பிரிந்த இரட்டைச் சுற்று கட்டாயமாகிவிட்டது. விலக்குப் பெற்ற ராணுவ லாரியில் பழைய முறையே தொடர்ந்தது. ராணுவத்தில் பிரேக் குழாய்களை அட்டவணைப்படி சோதிக்க மெக்கானிக்குகள் இருந்தார்கள். தனியார் கொட்டகையில் பத்தாண்டு சும்மா நின்ற லாரிக்கு அப்படி யாரும் இல்லை. பின்னால் 4,500 கிலோ டிரெய்லர் தள்ளிக்கொண்டிருக்கும்போது இறக்கத்தில் பிரேக் மிதி தரையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. பொறுப்புள்ள உடைமையாளர்கள் வாங்கியவுடன் செய்யும் முதல் செலவு இரட்டைச் சுற்றாக மாற்றுவதுதான்.

பெரிய லாரிகளிலும் சிக்கல் இருந்தது. முழுக் காற்று பிரேக் கொண்ட எம்939 வரிசை லாரிகள் ஈரச் சாலையில் திடீரென நிறுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நிலைதடுமாறின. பல விபத்துகளுக்குப் பின் ராணுவம் அவற்றின் வேகத்தை 40 மைலுக்குக் கட்டுப்படுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கருவியைப் பொருத்தத் தொடங்கியது. அந்தத் திருத்தம் செய்யப்படும் முன்பே கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்த லாரிகளும் உண்டு.

தீயணைப்புப் படைகளும் 2014ஆம் ஆண்டும்

ஊதியமில்லாத் தன்னார்வலர்களால் நடத்தப்படும் சிற்றூர்த் தீயணைப்புப் படைகளுக்கு இந்த லாரிகள் வரப்பிரசாதம். வனத்துறையின் வழியே உபரியாகப் பெற்ற எம்35 மேல் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் ஏற்றினால், புல்வெளித் தீக்குள் புகும் வண்டி மிகக் குறைந்த செலவில் தயார். 2014 ஜூன் மாதம் இந்த வழங்கல் திடீரென நிறுத்தப்பட்டது. ராணுவ எந்திரங்கள் புகை வெளியீட்டு விதிகளிலிருந்தும் விலக்குப் பெற்றவை. அவற்றைப் படைக்கு வெளியே கொடுக்கலாமா என்ற கேள்வி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையோடு இருந்த பழைய உடன்பாட்டை முன்னிட்டு எழுந்தது. தீப்பருவத்தில் வந்த இந்த முடிவுக்கு மாநில வனத்துறைகளும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜூலையிலேயே வழங்கல் மீண்டும் தொடங்கியது.

ஹம்வீயும் அதன் பிறகும்

அதே 2014 டிசம்பரில் ஹம்வீ வண்டிகள் முதன்முறையாகப் பொது இணைய ஏலத்துக்கு வந்தன. 1980களிலிருந்து படையில் இருந்தபோதும் அதுவரை அவற்றைப் பொதுமக்களுக்கு விற்க ராணுவம் மறுத்தே வந்தது. விற்றபோதும், சாலைக்கு வெளியே பயன்படுத்த மட்டும் என்ற குறிப்பு எஸ்.எஃப்.-97இல் சேர்க்கப்பட்டது. சில மாநிலங்கள் அதைப் பொருட்படுத்தாமல் பதிவு செய்தன, சில அந்த வரியைக் காட்டியே மறுத்தன. மறுக்கப்பட்டவர்களில் சிலர் வேறு மாநிலத்துப் பதிவைத் தேடினர். வெளிமாநிலத்தவருக்கும் அஞ்சல் வழியே பழைய வண்டிகளைப் பதிவு செய்து கொடுத்த வெர்மான்ட் இதற்குப் பெயர்போனது. 2023இல் அந்த வாசல் மூடப்பட்டது.

எம்35க்குப் பின் 1990களில் வந்த எம்1078 என்ற நான்கு சக்கர இயக்க லாரிகள் இப்போது ஏலத்துக்கு வருகின்றன. தானியங்கி கியரும் முழுக் காற்று பிரேக்கும் கொண்ட இவற்றில் 12 வோல்ட்டும் 24 வோல்ட்டும் சேர்ந்தே கிடைப்பதால், டிரெய்லர் விளக்குகள் பற்றிய பழைய தொல்லை பெரும்பாலும் இல்லை. வாங்குபவர்கள் பலர் சரக்குத் தட்டைக் கழற்றிவிட்டு, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் கொண்ட அறையை மேலே ஏற்றுகிறார்கள். அப்படி மாற்றிய பின் பொழுதுபோக்கு ஊர்தி என்ற வகையில் புது டைட்டிலுக்கு விண்ணப்பிக்கிறார்கள். பல மாநிலங்களில் அந்த வகைக்கு வணிக உரிமம் தேவையில்லை. படைவீரர்களை ஏற்றிய லாரி, பதிவேட்டில் நடமாடும் வீடாக மாறி, பின்னால் ஒரு படகையோ ஜீப்பையோ டிரெய்லரில் வைத்து இழுத்துக்கொண்டு போகிறது.